ஆயிரத்து முந்நூற்று இருபது கிலோ

1

என் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். பதினைந்து வயதாகிறது. இங்கே மிச்சிகனில் அந்த வயதிலேயே வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சிப் புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, கேள்விகளைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். என் மனைவி அடுப்பருகே நின்றாள்.

பிக்கப் வண்டியின் பின்புறத்தில் ஆட்கள் பயணம் செய்வது பற்றி ஒரு கேள்வி வந்தது. அது ஏன் ஆபத்து என்று நாலு வரி எழுத வேண்டும். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் பேச்சில் முக்கால்வாசி ஆங்கிலம், உறவுமுறைப் பெயர்கள் மட்டும் தமிழ். கேட்டதை நம் தமிழில் எழுதுகிறேன்.

"அப்பா, பெரியம்மா அப்படித்தானே போனாங்க? அவங்கள அதுல ஏறச் சொன்னது யாரு?"

ஒரு வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. போலீஸ் கேட்கவில்லை, என் அண்ணன் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை. வாயில் இருந்த இட்லியை விழுங்கிவிட்டு, "மாமாதான்" என்றேன். பெரியம்மா என்றால் என் அண்ணி, மாமா என்றால் என் தங்கையின் கணவர். "அப்ப மாமா மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.

நான் சொன்னது பொய். பெற்ற பெண்ணிடம், இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்ன பொய். அன்றைக்கு முழுவதும் எனக்கு என் மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் அல்ல.

2

நான் செய்யும் வேலையை ஊரில் யாருக்கும் இதுவரை விளங்க வைக்க முடிந்ததில்லை. கார் கம்பெனியா என்பார்கள். இல்லை. கார் விற்கிற கடையா என்பார்கள். அதுவும் இல்லை. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி விற்றது என்று எண்ணிச் சொல்கிற ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். அதிலும் பிக்கப் வண்டிகள் மட்டும் என் பொறுப்பு. "அடுத்தவன் வித்ததை எண்றதுக்குச் சம்பளமா?" என்று என் அண்ணி ஒருமுறை போனில் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார்.

எண்ணுவதில் அத்தனை சண்டை இருக்கிறது என்பது அண்ணிக்குத் தெரியாது. ஒரு கம்பெனி சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாவற்றையும் ஒரே பெயரில் கூட்டிக் காட்டி நாங்களே முதலிடம் என்று விளம்பரம் செய்யும். எதிராளி ஏறத்தாழ ஒரே வண்டியை இரண்டு பெயரில் விற்பான். இரண்டையும் கூட்டிப்பார், நாங்கள்தான் முதலிடம் என்பான். மூன்றாமவன் கடைகளுக்கு அனுப்பி வைத்த வண்டியையும் விற்றதாகக் கணக்குக் காட்டப் பார்ப்பான். ஒவ்வொரு காலாண்டும் இவர்கள் சொல்வதையெல்லாம் ஒரே அளவுகோலில் நிறுத்தி, பட்டை பட்டையாகப் படம் வரைந்து, யார் முந்தினார், யார் பிந்தினார் என்று மேலே அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

இத்தனை அடிபிடியும் எதற்கு என்றால், பெரும்பாலும் எதையும் ஏற்றாத வண்டிக்கு. எங்கள் அலுவலக வாகன நிறுத்தத்தில் வந்து பாருங்கள். ஆளுயர வண்டி ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆள் இறங்குவார், கையில் ஒரு காப்பிக் கோப்பை இருக்கும். பின்பக்கம் கழுவித் துடைத்து, மூடி போட்டுப் பூட்டியிருக்கும். என் பக்கத்து இருக்கைக்காரர், கிறிஸ்துமஸ் மரம் கொண்டுவர வருடத்துக்கு ஒருநாள் அந்த மூடியைத் திறப்பார். உங்கள் ஊரில் பிக்கப் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாள் கேட்டார். ஒரு விடியோ காட்டுகிறேன், பொறுங்கள் என்று சொல்லிவைத்தேன். அப்போது ஊரில் வண்டி வாங்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

3

என் தங்கை தனலட்சுமியை எங்கள் திருமானூர் பக்கத்திலேயே, கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை பெயர் கலியபெருமாள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு கலியபெருமாள் இருப்பார்கள். கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு வைக்கிற பெயர். இவர் பத்து வருடமாக அடுத்தவர் லோடு வண்டி ஓட்டியவர். பெரம்பலூர் பக்கம் போய் மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஏற்றித் திருச்சி மார்க்கெட்டில் இறக்குவார். திரும்பும்போது கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வருவார். சொந்தமாக ஒரு வண்டி என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

லோடு வண்டிக்காரர்கள் வண்டியை ஒப்பிடுகிற விதமே வேறு. அரியலூர் ஸ்டாண்டில் பத்து வண்டி நின்றால் அதில் எந்த வண்டி அதிகம் என்று பார்ப்பார்கள். வழியில் நின்றுபோனால் எந்த மெக்கானிக் வருவார், சாமான் கீழப்பழுவூரில் கிடைக்குமா, திருச்சிக்குப் போக வேண்டுமா என்று பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்கு அந்த வழியில் ஒரு வண்டி மனதில் இருந்தது. பத்து வருடமும் அவர் ஓட்டியது அதே கம்பெனி வண்டிதான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பிக்கப் வண்டியில் என்னைவிடத் தெரிந்தவன் யார் என்ற திமிர் எனக்கு. இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, நம் நாட்டில் விற்கிற அத்தனை கம்பெனி வண்டிகளையும் ஒரு அட்டவணை போட்டேன். எஞ்சின், மைலேஜ், பின்பாடியின் நீளம், தாங்கும் பளு என்று பதினாலு கட்டம். விற்பனையில் இரண்டாம் இடத்தில் இருந்த கம்பெனியின் வண்டிதான் என் கணக்கில் முதலில் வந்தது. பாடி நீளம், ஒன்றரை டன் தாங்கும். மாப்பிள்ளை விரும்பியது ஒரு டன்தான்.

"எனக்குக் கை பழகுன வண்டி அதுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. வளைவில் அது எப்படிச் சாயும், எங்கே உதறும் என்று தனக்கு உடம்புக்கே தெரியும் என்றார். நான் அட்டவணையின் பளுக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னேன். முன்பணத்தில் பாதி நான் போட்டது. அதை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. பெரம்பலூர் ஷோரூமில் வண்டி எடுத்தார்கள். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய படம் எனக்கு வந்தது. அதை என் அலுவலகக் கணினியின் முகப்பில் வைத்துக்கொண்டேன்.

4

அந்த வண்டி எங்களுக்கு என்ன என்று சொன்னால்தான் பிறகு நான் செய்தது புரியும்.

எங்களுக்கு நிலம் இருந்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனவர்கள். விடிவதற்குள் ஆலை லாரியோ, முதலாளி டிராக்டரோ வந்து தெருமுனையில் நிற்கும், ஆட்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போகும். சாயங்காலம் கரும்புச் சோகை ஒட்டிய உடம்போடு கொண்டுவந்து இறக்கும். சிறு வயதில் நானும் அப்படிப் போயிருக்கிறேன். பின்னால் நிற்பது எங்களுக்குக் காலங்காலமாகப் பழக்கம். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் எங்கள் ஆளாக இருந்ததில்லை, வண்டியும் எங்களுடையதாக இருந்ததில்லை. தெருவிலேயே முதன்முதலாக எங்கள் குடும்பத்துக்குத்தான் சொந்த லோடு வண்டி வந்தது.

வண்டி வந்த மூன்றாம் மாதம், போன வைகாசியில், தங்கையின் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. கல்லங்குறிச்சியில் முடியிறக்கிக் காது குத்துவது என்று வேண்டுதல். தாய்மாமன் சீர் நானும் என் அண்ணனும் செய்ய வேண்டியது. அண்ணன் பழனிவேல் என்னைவிட எட்டு வயது மூத்தவர், அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் ஒப்பந்த வேலை. அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது, சீர் முழுவதும் என்னுடையது என்று பேச்சு.

நான் போக முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நடுவில் நின்றது. அந்தச் சமயத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர ஒரு அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கு விரல்ரேகை கொடுத்தேன், படம் கொடுத்தேன். என் பெயரின் முன்பகுதி எது, பின்பகுதி எது என்று இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எழுதியதால் வந்த வினை. கடிதம் வரவேயில்லை. ஆள் போக முடியாதவனுக்குச் சீராவது ஊர் பார்க்கப் போக வேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது.

காதுகுத்துக்கு நாலு நாள் முன்பு மாப்பிள்ளை போன் செய்தார். ஆட்களுக்கு ஒரு வேன் பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன், சீர்ச் சாமான் மட்டும் நம் வண்டியில் வரட்டும் என்றார். நான் அலுவலகத்தில் அட்டவணைகளுக்கு நடுவில் இருந்தேன். அந்தப் பேச்சு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"சொந்த வண்டி வாசல்ல நிக்கிறப்ப வாடகை வேன் எதுக்கு மாப்ள?" என்றேன்.

"ஆளு ஏத்துற வண்டி இல்லைங்களே மச்சான் அது."

"எத்தன பேரு வரீங்க?"

"பின்னால ஒரு இருவத்திரண்டு பேரு வரும்."

கால்குலேட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கு அறுபது கிலோ. "ஆயிரத்து முந்நூத்தி இருவது கிலோ மாப்ள. வண்டி ஒன்னரை டன் தாங்கும். தாராளமா போவலாம். வேன வேணாம்னு சொல்லிடுங்க."

பிறகு "சரிங்க" என்றார். எங்கள் பக்கத்தில் காதுகுத்து அன்றைக்குத் தாய்மாமன் சொல்தான் சொல். தாய்மாமன் பேச்சைத் தட்டினால் சபையில் பெரிய மனக்குறையாகிவிடும். அதுவும் வண்டிக்குப் பாதி முன்பணம் போட்ட தாய்மாமன். அவர் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்?

எனக்கு அந்த விடியோ வேண்டும். முகப்பில் என் படம் போட்ட பேனர், மேளம், பின்னால் என் சனம் மொத்தமும் நிற்க, நான் தேர்ந்தெடுத்த வண்டி என் சீரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்ட வேண்டும். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

5

அண்ணன் அன்றைக்கு மோட்டார் பைக்கில் முன்னாலேயே கோயிலுக்குப் போய்விட்டார். முடியிறக்குகிறவர், காது குத்துகிற ஆசாரி, பந்தல் எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. தங்கை குழந்தையோடு முன்னால், மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மற்றவர்கள் நின்றார்கள்.

என் அண்ணி கோமதி வண்டியின் ஓரத்தில் நின்றார். கையில் முதல் தட்டு. வெள்ளிக் காப்பு, பட்டுப்பாவாடை, தேங்காய் பழம் வைத்த தட்டு. என் மனைவி பிடிக்க வேண்டிய தட்டு அது. அவள் இடத்தில் அண்ணி பிடித்தார். சீர்த் தட்டைக் கால் படுகிற இடத்தில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பெண்களின் வழக்கம். மற்ற தட்டுகளைக் கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்களாம். அண்ணி மட்டும் கொடுக்கவில்லை. "தம்பி சீர், நான்தான் எறக்குவேன்" என்று சொன்னதாகப் பக்கத்தில் நின்ற பெண் பிறகு சொன்னாள். இரண்டு கையும் தட்டில் இருந்தது.

மாப்பிள்ளை மெதுவாகத்தான் ஓட்டினார். அதை எல்லோருமே சொல்கிறார்கள். அரியலூருக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போகிற சாலை அது. ஒரு மண்பாதையிலிருந்து இரு சக்கர வண்டி ஒன்று திடீரென்று ஏறி வந்தது. அவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி கவிழவில்லை. ஆனால் பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒருபக்கமாகச் சாய்ந்தார்கள். அத்தனை உடம்பும் மோதியதில் பக்கக் கதவு கொக்கி விட்டுத் திறந்துகொண்டது. ஒன்பது பேர் சாலையில் விழுந்தார்கள். எட்டுப் பேருக்குக் கை கால் அடிபட்டது. அண்ணிக்குத் தலையில். தஞ்சாவூருக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

வண்டியைச் சோதித்த அதிகாரி, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினார். நான் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. பளு ஒன்றரை டன்னுக்குள்தான் இருந்தது. சரக்காக இருந்திருந்தால் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆட்களை யாரும் கட்டுவதில்லை.

நான் திருச்சியில் கல்லூரியில் படித்தபோது, விடுமுறை முடிந்து ரயிலேற அரியலூர் ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவர் அண்ணிதான். அண்ணனுக்கு ஷிப்ட் இருக்கும். என் இரும்புப் பெட்டியைக் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, கால்களை இரண்டு பக்கமும் அகட்டி வைத்துக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றி, அந்தப் பழைய மொபெட்டை ஓட்டுவார். கண்டபடி பிடிக்காதே, இறுக்கிப் பிடி என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சாவுக்கும் நான் போகவில்லை. கடிதம் வரவில்லை.

6

மூன்றாம் நாள் மாப்பிள்ளையிடம் பேசினேன். போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு ஜாமீனில் விட்டிருந்தார்கள். அவர் குரலே மாறிப் போயிருந்தது.

"மச்சான், நீங்க வேன் வேணாம்னு சொன்னத நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அண்ணன் தம்பிக்குள்ள ஆவக் கூடாது."

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னது "சரி மாப்ள" என்பதுதான். அவர் என்னைக் காப்பாற்றினார், நானும் தப்பித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அண்ணன் போலீஸில் கொடுத்த புகாரில், பேசியிருந்த வேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செலவை மிச்சம் பிடிக்க என் தங்கை கணவர் சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றினார் என்று இருக்கிறது. வேன்காரர் வந்து அண்ணனிடம் சொன்னதை வைத்து அவர் எழுதியது. கஞ்சத்தனத்தில் மச்சான் மனைவியைக் கொன்றவன் என்று ஊர் பேசியது. கடையில் டீ குடிக்கப் போனால்கூட மாப்பிள்ளை காதில் அது விழும். அண்ணன் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போன தங்கையை, வாசலோடு திரும்பிப் போகச் சொன்னார். கூடப்பிறந்தவள் தெருவில் நின்று அழுதுவிட்டுப் போனாள். அதையும் போனில்தான் கேட்டேன்.

மாப்பிள்ளையின் லைசென்ஸ் போய்விட்டது. கவனக்குறைவாக ஓட்டி உயிர் போகக் காரணமானார் என்று வழக்கு நடக்கிறது. இப்போது பெரம்பலூர் பக்கம் ஒரு மக்காச்சோளக் களத்தில் மூட்டை தூக்குகிறார். ஸ்டேஷனிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த வண்டி வீட்டுப் பின்னால் தார்ப்பாய்க்கடியில் நிற்கிறது. ஓட்ட ஆள் வைக்கலாமே என்றேன். அவர் சோள விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நான் இங்கே நாலு காலாண்டு அறிக்கை அனுப்பினேன். பிக்கப் விற்பனையில் முதலிடம் ஒருமுறை கைமாறியது. எனக்குச் சின்னதாக ஒரு பதவி உயர்வும் கொடுத்தார்கள். கணினி முகப்பில் இருந்த படத்தை மாற்றிவிட்டேன். அந்த விடியோ என்ன ஆயிற்று என்று பக்கத்து இருக்கைக்காரர் ஒருமுறை கேட்டார். மழையில் நிகழ்ச்சி தள்ளிப்போய்விட்டது என்றேன். பொய் சொல்வது பழகிப்போனால் அடுத்தது எளிதாக வருகிறது.

7

மகளிடம் சொன்ன பொய் மட்டும் செரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவளையும் மனைவியையும் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். மனைவி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மகளுக்கு நம் உறவுமுறை, சீர், சபை எதுவும் புரியாது. தாய்மாமன் சொல்லுக்கு ஏன் அத்தனை மரியாதை என்று விளக்க நான் திணறினேன். அவள் அதையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன். அவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அடுத்த மாதம் அரியலூர் கோர்ட்டில் அண்ணன் சாட்சி சொல்ல வேண்டும். புகாரில் எழுதியதைக் கூண்டில் நின்று சொல்வார். அது பொய் என்று அங்கே சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் வாயைத் திறக்க மாட்டார். அண்ணனைப் பொய்ச்சாட்சி ஆக்கப்போவதும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலக வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்தபடியே போன் செய்தேன். அங்கே சாயங்காலம். அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறாளா என்று வழக்கம்போலக் கேட்டார். தலைத் திவசம் நெருங்குகிறது, ஐயரிடம் சொல்லிவிட்டேன் என்றார். அவர் குரலில் இருந்த சாதாரணம் என்னை என்னவோ செய்தது. இதோடு இது போய்விடும் என்று தெரிந்தே பேச ஆரம்பித்தேன்.

"அண்ணே, வேன வேணாம்னு சொன்னது மாப்ள இல்ல. நான்தான்."

"என்ன சொன்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை வேன் பேசியது, ஆள் ஏற்றுகிற வண்டி இல்லை என்று அவர் சொல்லிப் பார்த்தது, நான் வற்புறுத்தியது, ஒன்றரை டன், இருபத்திரண்டு பேர். எதையும் விடவில்லை. அந்தப் பக்கம் தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வைத்துவிட்டார் போலும் என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"கணக்குப் போட்டுத்தான் சொன்னியா?"

"ஆமாண்ணே."

"அவளுக்கு எத்தன கிலோ போட்ட?"

எல்லாருக்கும் ஒரே மாதிரி அறுபது கிலோ போட்டேன் என்று சொன்னேன்.

"அவ நாப்பத்தெட்டு கிலோடா" என்றார் அண்ணன். அதன் பிறகு போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் காரை விட்டு இறங்கவேயில்லை. ஒன்பது மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெரிய வண்டிகளிலிருந்து இறங்கி உள்ளே போனார்கள். நான் உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

8

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறுநாளே அண்ணன் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை களத்திலிருந்து அப்போதுதான் வந்து, மேலெல்லாம் சோளத் தூசியோடு நின்றிருக்கிறார். அண்ணன் உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, சாப்பாடு போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். புகாரில் எழுதியது தவறு, ஓட்டியவர் ஆட்களுக்குத் தனியாக வேன் பேசியிருந்தார் என்று கோர்ட்டில் சொல்வதாக அண்ணன் ஒத்துக்கொண்டார். அதனால் வழக்கு போய்விடாது என்று வக்கீல் சொன்னாராம். ஓட்டியது யார் என்றுதான் சட்டம் கேட்கும். ஓட்டச் சொன்னவனை அது தேடி வராது.

நான் அண்ணனுக்குப் பலமுறை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றுபோனது. செய்தி அனுப்பினால் படித்ததாகக் காட்டும், பதில் வராது. இதற்கிடையில் கிரீன் கார்டு தபாலில் வந்தது. இப்போது நான் எந்த நாளும் ஊருக்குப் போகலாம், திரும்பி வரலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. திவசத்துக்கு டிக்கெட் போடட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். "அண்ணனக் கேட்டுச் சொல்றேன் சின்னண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இன்று காலை அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அண்ணியின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர். ஊரிலும் ஆலைப் பக்கத்திலும் அண்ணன் ஒட்டியிருக்கிறார். நடுவில் அண்ணி படம், கீழே கண்ணீருடன் என்று போட்டுப் பெயர்கள். கணவர், மகன், மகள், அடுத்த வரியில் உறவினர்கள்.

கொஞ்ச நேரத்தில் தங்கையே கூப்பிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்தான்.

"அண்ணன் எங்க பேரப் போட்டுருக்காங்க, பாத்தியா? ரெண்டு பேரு பேரும் போட்டுருக்காங்க."

பார்த்தேன் என்றேன். கலியபெருமாள், தனலட்சுமி என்று தெளிவாக இருந்தது. அவர்களுக்கு மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களை விரலால் பெரிதாக்கி நான் ஏற்கெனவே இரண்டு முறை படித்திருந்தேன். நல்லதாப் போச்சும்மா என்று சொன்னேன். விட்டுப்போன பெயரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.